கை மூடும் இடம்

உங்கள் வரவேற்பறையில் மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இசை எங்களுடையது, டாக்டர். உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். "மனசுக்கு இதமா இருக்கும்னு போட்டு வெச்சிருக்கோம் சார், யார் வாசிச்சதுன்னு தெரியலையே" என்றாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. யார் வாசித்தது என்று யோசிக்க வைக்காமல் ஓடுவதுதான் இந்த வகை இசைக்கு இலக்கணம். பல் டாக்டரின் அறை, விமானம் தரையிறங்கும் நேரம், குழந்தையைத் தூங்க வைக்கும் வீடு, எல்லா இடத்திலும் நாங்கள் இருக்கிறோம். வாசித்தது என் தங்கை. ஹார்ப்புக்கு ஏற்றபடி மாற்றி எழுதியது நான்.

அவள் வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் நான் மட்டும் பேசிவிட்டு வருகிறேன் என்றேன், சரி என்றாள். கதவைச் சாத்திவிடலாமா? நன்றி.

நேற்று நீங்கள் இரண்டாவது அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னீர்கள். முன்கையிலிருந்து வேறொரு தசைநாரை எடுத்து மோதிர விரலுக்குள் வைத்துத் தைத்தால், விரல் பழையபடி வளைவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றீர்கள். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அவளை அழைத்த வெளியூர் ஆர்கெஸ்ட்ராவில் அந்த நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கை சரியானதும் வந்து வாசித்துக் காட்டட்டும், காத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று நாள் குறிக்க வந்திருக்கிறோம். அதற்கு முன் நான் சொன்ன ஒரு பதிலைத் திருத்த வேண்டும்.

முதன்முதலில் வலி என்று வந்தபோது நீங்கள் கேட்டீர்கள், "சமீபத்துல வாசிக்கிற விதத்துல ஏதாவது மாறியிருக்கா?" என்று. அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "எழுதுறது அண்ணாதான் டாக்டர், அவனைக் கேளுங்க." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "எப்பவும் போலத்தான்" என்றேன். நீங்களும் அப்படியே குறித்துக்கொண்டீர்கள். அந்தப் பதில் சரியில்லை.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா மேடை கொள்ளாமல் உட்கார்ந்து வாசிப்பதற்காக என்றோ எழுதப்பட்ட ஒன்றை எடுத்து, ஒருத்தி ஒரே கருவியில், கேட்பவர் கொட்டாவி விடுவதற்குள் வாசித்து முடிக்கும்படி நான் சுருக்க வேண்டும். கேட்பவருக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் ஒரு மெட்டு. அந்த மெட்டு வருவதற்கு முன்னால் நடக்கும் சண்டை, இடி, இருட்டு இதெல்லாம் அவருக்கு வேண்டாம். அதை நான் எடுத்துவிடுவேன். எடுத்த இடம் தெரியாமல் ஒட்டுவேன். இசை படித்தவர்கள் இதைக் கசாப்பு வேலை என்பார்கள். என்றாவது அவர்களுக்கே தூக்கம் வராமல் போகும்போது எங்கள் ஆல்பத்தைத்தான் போடுவார்கள்.

ஹார்ப்பை நீங்கள் பக்கத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு யானைக்குட்டி என்று பெயர். வரிசையாகத் தந்திகள் கட்டி, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். வலது தோளில் சாய்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். கீழே ஏழு பெடல்கள், அதனால் காலுக்கும் ஓய்வு கிடையாது. ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலிலிருந்து மோதிர விரல் வரைதான் வேலை. சுண்டு விரல் எதையும் தொடாது. "விசேஷ வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு மட்டும் போற சொந்தக்காரர்" என்று தன் சுண்டு விரலைக் காட்டிச் சிரிப்பாள். நன்றாகக் கிண்டல் பண்ணுவாள். இப்போது குறைந்துவிட்டது.

அந்தக் கருவியில் வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. தந்தியை மீட்டியதும் விரல்கள் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்ள வேண்டும். கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் கைக்குக் கிடைக்கும் ஓய்வு அது ஒன்றுதான். மூடாமல் அடுத்த தந்திக்கும் அதற்கடுத்த தந்திக்கும் விரித்த கையோடே போனால், உள்ளே இறுக்கம் சேர்ந்துகொண்டே போகும். மாற்றி எழுதுகிறவன் மனசாட்சி உள்ளவனாக இருந்தால், வரிக்கு வரி கை மூட இடம் விட்டு எழுதுவான். கேட்பவர் காதில் அது விழாது. மீட்டிய தந்திகள் அதிர்ந்துகொண்டே இருப்பதால் அந்த ஓசை இடைவெளியை மூடிவிடும். எழுதுகிறவனுக்கும் வாசிக்கிறவளுக்கும் மட்டும் தெரிந்த இடம் அது.

என் தங்கையின் வலது மோதிர விரல் பலவீனமானது. பிறவியிலேயே அப்படி. கட்டைவிரலும் மோதிர விரலும் அகல விரிந்து நிற்க, நடு விரல்கள் இரண்டும் தந்தியில் ஊன்றி நின்றால், கொஞ்ச நேரத்தில் மோதிர விரலின் நுனிக் கணு உள்வாங்கும். சொல்லிக்கொடுத்தவர்கள் அதற்காக அவளைத் திட்டினார்கள். நான் ஒரு நாளும் திட்டியதில்லை. அந்த விரலைச் சுற்றிப் போகிற மாதிரி எழுதினேன். அகலமான இடங்களைப் பிரித்து இடது கைக்குக் கொடுத்தேன். எத்தனையோ ஆல்பம் வந்துவிட்டது, எதிலும் அந்த விரல் தனியாகப் பாரம் சுமந்ததில்லை. கடைசியில் அவளே அதை மறந்துவிட்டாள். தன்னிடம் ஒரு குறை இருப்பதையே ஒருத்தி மறந்துபோகிற அளவுக்கு அவளைப் பார்த்துக்கொள்வது சின்ன விஷயமில்லை, டாக்டர். உள்ளங்கையில் வைத்துத் தாங்குவது என்பார்களே, அதை நான் உண்மையிலேயே செய்தேன்.

ஆர்கெஸ்ட்ராவிலிருந்து போன் வந்தது ஒரு மத்தியான வேளையில். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துப் பேசிவிட்டு, துடைத்த தட்டையே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, அங்க ஹார்ப் வாசிக்கிறவங்க ரிட்டயர் ஆகுறாங்களாம். என்னை வந்து வாசிச்சுக் காட்டச் சொல்றாங்க."

"நல்லதுதானே."

"கிடைச்சா இந்த ஊர்ல இருக்க முடியாது."

"தெரியும்."

"உனக்குக் கோபமா?"

"எனக்கு எதுக்குக் கோபம்? அந்தத் தட்டு காஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு, கீழே வை."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "தப்பா எடுத்துக்காதண்ணா. நீ எல்லாத்துலயும் இருக்குற கோபத்தை எடுத்துடுற. நான் வாசிக்கிறதைக் கேட்டு ஊரே தூங்குது. எனக்கு ஒரு தடவையாவது யாரையாவது எழுப்பணும்."

அது எனக்கு வலித்தது. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு வாசிக்க வராது. விரல்கள் தடிமன், பியானோவில் இரண்டு கட்டைகளை ஒன்றாக அழுத்திவிடுவேன். எனக்குள் ஓடிய இசையெல்லாம் வெளியே வந்தது அவள் விரல் வழியாகத்தான். ஆல்பத்தின் அட்டையில் அவள் படம் இருக்கும். என் பெயர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நான் முகம் கோணியதே இல்லை. அப்படிப்பட்டவனிடம், நீ எழுதியதெல்லாம் தூக்க மாத்திரை என்று ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள். நான் குழாயை மூடிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டேன். போவதற்கு முன் கடைசியாக ஒரு ஆல்பம் செய்துவிட்டுப் போ என்றேன். இந்தத் தடவை எதையும் வெட்ட மாட்டேன், இடி மின்னல் எல்லாம் அப்படியே இருக்கும், அங்கே வாசித்துக் காட்டுவதற்கும் அதுவே பயிற்சியாகிவிடும் என்றேன்.

ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டை முதுகில் நனைந்துவிட்டது.

நான் அந்த ஆல்பத்தை எழுதிய மாதிரி வேறு எதையும் எழுதியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஜன்னலோரம் மேசையைப் போட்டு உட்கார்ந்து, அவளுடைய வலது கையைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு எழுதினேன். இத்தனை வருஷம் அந்த மோதிர விரலை விட்டு விலகி விலகி எழுதியவன், இப்போது அதை நோக்கி எழுதினேன். வேலை ஒன்றுதான், திசைதான் வேறு. அகலமான இடங்களை வலது கைக்கே கொடுத்தேன். மெட்டின் அழுத்தம் வந்து விழுகிற சுரத்தை அந்த விரலுக்கு வைத்தேன். கை மூடும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரேயடியாக எடுத்தால் தெரிந்துவிடும். முதல் பீஸில் ஒன்றிரண்டு, அடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசியில் ஒரு பெரிய புயல் பீஸ் வரும். அதில் ஆரம்பித்த கை முடியும்வரை மூடாது.

முதல் தடவை அதை வாசித்துவிட்டு ஹார்ப்பை நிமிர்த்தக்கூடச் செய்யாமல் அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள். "இதுதாண்ணா நான் கேட்டது. உன்னால இப்படி எழுத முடியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. இதை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் கேட்டதைத்தான் நான் கொடுத்தேன்.

எங்கள் ஒலிப்பதிவாளரை நாங்கள் காது என்று கூப்பிடுவோம். பக்கத்து அறையில் மின்விசிறி ஓடினாலும் அவனுக்குக் கேட்டுவிடும். முதல் ஆல்பத்திலிருந்து எங்களோடு இருந்தவன். ஒத்திகையின்போது என் தோளுக்குப் பின்னால் நின்று இசைத்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எல்லாம் சரிப்பா. இவளுக்குக் கை எங்க மூடும்?"

"மூடத் தேவையில்ல. அவ இப்போ வேற மாதிரி வாசிக்கிறா."

"வேற மாதிரி வாசிக்கட்டும். கை அதே கைதானே?"

 எனக்குள் பயம் என்று ஒன்று வந்தது அப்போதுதான். ஆனால் அவளே குறுக்கே வந்துவிட்டாள். "காது, நீ மைக்கைப் பாரு. அண்ணா எழுதினா சரியாத்தான் இருக்கும்." அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்கைப் பார்க்கப் போனான். அதன் பிறகு ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் அவன் பார்த்தது அவள் கையை அல்ல, என் முகத்தை. நானும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டேன்.

நடுப் பகுதித் தந்திகளையும் மாற்றினேன். தந்தி வாங்குவது, மாட்டுவது, சுருதி சேர்ப்பது எல்லாம் எப்போதுமே என் பொறுப்பு. கொஞ்சம் கனமான ரகம் போட்டேன். அதே சுரத்துக்கு அதை இன்னும் இழுத்துக் கட்ட வேண்டும், மீட்டுவதற்கு இன்னும் பலம் வேண்டும். ஒலி உருண்டையாக, நன்றாக வந்தது. அது பொய்யில்லை.

"அண்ணா, தந்தி ரொம்ப இறுக்கமா இருக்கே."

"மழைக்காலம். ஈரத்துல அப்படித்தான் இருக்கும்."

"ஓ. நான்தான் சோம்பேறி ஆயிட்டேன்னு நினைச்சேன்" என்று விரல்களை உதறிக்கொண்டாள்.

வலி வந்தபோது அவள் முதலில் என்னிடம் சொல்லவில்லை. தேநீர் கோப்பையை இடது கையால் எடுப்பதைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். மாத்திரையை நானே போய் வாங்கி வந்தேன், தண்ணீரோடு கையில் கொடுத்தேன். வலி எதற்காக வருகிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது நிறுத்து என்று சொல்ல வருகிறது. மாத்திரை போட்டால் அந்தக் குரல் கேட்காது. ஆனால் தங்கை வலியில் இருக்கும்போது எந்த அண்ணன் மாத்திரை வாங்கித் தராமல் இருப்பான்?

பிறகுதான் உங்களிடம் வந்தோம். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், நான் அந்தப் பதிலைச் சொன்னேன். நான் சொல்லும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். புதிதாக, கடினமாக வாசிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் வாசிப்பதை நிறுத்தச் சொல்லிவிடுவீர்கள் என்று அவளுக்குப் பயம். அதனால் நான் அவளுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து, நன்றியோடு பார்த்தாள். நீங்கள் ஒரு ஊசி போட்டு, இலேசாக வாசிக்கலாம் என்று அனுப்பினீர்கள். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. உங்களுக்குக் கிடைத்த பதிலுக்கு அது சரியான வைத்தியம். எது இலேசு என்று நீங்கள் சொல்லவில்லை. அதை வீட்டில் நான் முடிவு செய்தேன்.

ஒலிப்பதிவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். புயல் பீஸின் கடைசிப் பக்கம் கையில் இருந்தது.

"அண்ணா, இதுல ஒரே ஒரு இடத்துல கை மூட விடுறியா? இந்த வரியோட முடிவுல. யாருக்கும் கேக்காது."

நான் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் காட்டிய இடம் சரியான இடம். பென்சில் என் கையிலேயே இருந்தது. ஒரு சுரத்தை அழித்தால் போதும். இதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை, டாக்டர். அந்த நேரம் எனக்கு மனசு கேட்கவில்லை.  சின்ன வயதில் சட்டையின் மேல் பொத்தானை மாட்ட வராமல் என் முன்னால் வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பாளே, அப்படியே நின்றாள். மாட்டிவிடத்தான் கை போனது.

"ஆர்கெஸ்ட்ராவுல உனக்காக யாரும் மாத்தி எழுத மாட்டாங்கம்மா" என்றேன். "இப்பவே பழகிக்கோ."

தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒலிப்பதிவு நாளில் ஸ்டுடியோவில் ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள், அந்தச் சத்தம் மைக்கில் ஏறும் என்று. அறை சீக்கிரம் புழுங்கிவிடும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு பெடலில் கால் வைத்திருந்தாள். நானும் காதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தோம். முதல் டேக் நன்றாக வந்தது. அவள் போதாது என்றாள். இரண்டாவது அதைவிட நன்றாக வந்தது. காது என்னைப் பார்த்து, "போதும்னு சொல்லுப்பா, அவ உன் பேச்சைத்தான் கேப்பா" என்றான். நான் மைக் பொத்தானை அழுத்தி, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யம்மா" என்றேன். அவளுக்கு இன்னொரு தடவை வாசிக்கத் தோன்றியது.

அந்த டேக்கைப் பற்றி நான் என்ன சொல்ல. இத்தனை காலத்தில் அவள் அப்படி வாசித்ததில்லை. புயல் வந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரையாவது எழுப்பணும் என்றாளே, என்னை எழுப்பினாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன், அது நடிப்பில்லை. புயல் அடங்கி, கடைசி மெட்டும் வந்து முடிந்து, கடைசியாகக் கை அகல விரிந்து விழும் அந்த இடத்தில், ஒலியோடு ஒலியாகச் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

"தந்தி போயிடுச்சா?" என்று காது மைக்கில் கேட்டான்.

அவள் தந்திகளைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. பிறகு தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள். எல்லாம் மடங்கின, மோதிர விரல் மட்டும் நின்றது. "அண்ணா" என்று மட்டும் கூப்பிட்டாள். கத்தவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். அறுந்த தசைநாரை நீங்கள்தான் தைத்தீர்கள். ஒட்டியது, ஆனால் வளையவில்லை. அந்த டேக்கைத்தான் வெளியிட்டோம். அந்தச் சின்னச் சத்தத்தைக் காதுதான் உட்கார்ந்து நீக்கித் தந்தான். நீக்கும்போது அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமே, அழுதுகொண்டே செய்தான். முடித்துக் கொடுத்த பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். முழுப் பீஸ் அவ்வளவாக எடுபடவில்லை, நீளம் அதிகம். பிறகு நான் புயலை வெட்டிவிட்டு, கடைசி மெட்டை மட்டும் தனியாக விட்டேன். அது எங்கே பார்த்தாலும் ஓடுகிறது. சற்று முன் நான் உள்ளே வரும்போது உங்கள் வரவேற்பறையில் ஓடியதும் அதுதான். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் சொன்னது சரி, மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது அறுவை சிகிச்சை வேண்டாம்.

பொறுங்கள், நான் சொல்லி முடித்துவிடுகிறேன். நீங்கள் நிதானமானவர் என்று தெரிந்துதான் இவ்வளவும் சொன்னேன். வேறொருவராக இருந்தால் இந்நேரம் கதவைத் திறந்திருப்பார். விரல் சரியானால் அவள் திரும்ப வாசிப்பாள். திரும்ப வாசிக்கப் பழகுவதற்கு அவளுக்கு யாராவது எழுதித் தர வேண்டும். யாரிடம் போவாள்? என்னிடம்தான் வருவாள். அவள் கைக்கு எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். நான் எழுதித் தருவேன். எப்படி எழுதுவேன் என்று நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அந்த நிலைமையை நீங்கள் எனக்கு உண்டாக்கக் கூடாது. இன்னொரு தடவை அறுந்தால் நீங்களும் தைக்க முடியாது, அவளும் தாங்க மாட்டாள். அவள் மேல் இரக்கம் இருந்தால், முடியாது என்று இன்றே சொல்லிவிடுவது நல்லது. டாக்டர் சொன்னால் நம்பிவிடுவாள். நான் சொன்னால் மறுபடி கேள்வி கேட்பாள்.

எழுந்துகொள்ளாதீர்கள். அவள் எங்கேயும் போய்விட மாட்டாள், நான் வரும்வரை உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு ஒன்றுமில்லாமல் விட்டுவிடுவேன் என்று நினைக்கிறீர்களா? இந்தப் பையில் இருப்பது ஒரு முழு ஆல்பம். இடது கைக்கு மட்டும் எழுதியது. வலது கையில் நல்ல விரல்கள் இன்னும் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் ஒரு விரல் குறைந்த கை என்றால் கேட்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஒரே கையால் வாசிக்கிறாள் என்றால் யாருக்கும் புரியும். இசையோடு அவர்களுக்கு ஒரு கதையும் வேண்டும். அட்டைப் படத்தில் அவள் வலது கையை மடியில் வைத்திருப்பாள், இப்போது வெளியில் வைத்திருக்கிற மாதிரி. யாரும் அவளை ஆர்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைக்க மாட்டார்கள். வீட்டிலேயே இருப்பாள். நான் எழுதுவேன், அவள் வாசிப்பாள், எப்பவும் போல.

அவளைக் கூப்பிட்டு முடியாது என்று மட்டும் சொல்லுங்கள். அழுவாள். அழுது முடிக்கட்டும், நான் அவசரப்படுத்த மாட்டேன். பிறகு இதை எடுத்து அவள் மடியில் வைப்பேன்.

அவள் விரல் போன பிறகு இவ்வளவையும் எப்போது எழுதினேன் என்றுதானே பார்க்கிறீர்கள். இது அவசரத்தில் செய்த வேலையில்லை. ஆர்கெஸ்ட்ராவிலிருந்து போன் வந்த வாரமே எழுத உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதி முடித்து, உறையில் போட்டு அலமாரியில் வைத்த பிறகுதான் அந்தப் புயல் ஆல்பத்தின் முதல் சுரத்தைத் தொட்டேன். அவளுக்கு அப்போது வலி என்பதே கிடையாது, இரண்டு கையாலும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவளுக்கு ஒரு கஷ்டம் வந்து நிற்கும்போது என் கையில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போய்விடக் கூடாதல்லவா. தங்கையைப் பார்த்துக்கொள்கிறவன் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். பிரித்துப் பாருங்கள், டாக்டர். வரிக்கு வரி கை மூட இடம் விட்டிருக்கிறேன்.